குக்கரைவிட 200 மடங்கு!

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. மறுநாள் காலை மகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி. பையைத் திறந்து பார்த்தால், ரைஃபிளின் காற்று சிலிண்டரில் முள் 90-ல் நிற்கிறது. 200-ல் இருக்க வேண்டிய முள். கிளப்பில் காற்று நிரப்பித் தருபவர் போனை எடுக்கவில்லை.

போன மாதம் வாங்கி, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்த சின்ன கம்ப்ரசர் அப்பாவின் நினைவுக்கு வருகிறது. "இதோ, அஞ்சு நிமிஷத்துல நிரப்பிடலாம்மா" என்று இறக்கிவைக்கிறார்.

அந்த ஐந்து நிமிடம்தான் பிரச்னை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில். 2024 பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். டென்னிஸ் மட்டையும் செஸ் போர்டும் வாங்கித் தந்த அப்பா அம்மாக்கள் இப்போது 'பி.சி.பி. ரைஃபிளுக்குக் காற்று எங்கே பிடிப்பது' என்று விசாரிக்கிறார்கள். கிளப்புக்கும் ஸ்கூபா கடைக்கும் அலைந்து அலுத்தவர்கள், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய 12 வோல்ட் கம்ப்ரசரை வாங்கிவிடுகிறார்கள். டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. பார்க்க, கார் டயருக்குக் காற்றடிக்கும் மெஷின் மாதிரியே இருக்கும்.

அதுதான் ஏமாற்றிவிடுகிறது. கார் டயரில் இருப்பது 32 பி.எஸ்.ஐ. சொச்சம், அதாவது 2 பாருக்குச் சற்று மேல். விசில் அடிக்கும் பிரஷர் குக்கருக்குள் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருப்பது ஏறக்குறைய 1 பார். ரைஃபிள் சிலிண்டரில் 200 பார்! பி.எஸ்.ஐ. கணக்கில் 2,900. குக்கர் விசிலுக்கே 'தள்ளி நில்லு' என்று குழந்தைகளை அதட்டும் வீட்டில், இதை ஹால் சோபா பக்கத்தில் வைத்து இயக்குவது கொஞ்சம் யோசிக்க வேண்டிய காரியம்.

சரி, எங்கே வைப்பது? பால்கனி நல்லது. காற்றோட்டம் வேண்டும், வெயிலும் மழைச்சாரலும் படக்கூடாது. தரையில் சமமாக நிற்க வேண்டும். கீழே ஒரு ரப்பர் மேட் போட்டால் கீழ்வீட்டுக்காரர் 'என்ன சார், ராத்திரியில மிக்ஸி ஓட்டுறீங்க?' என்று கேட்கமாட்டார். சத்தம் நிஜமாகவே மிக்ஸி அளவுக்கு வரும்.

அடுத்தது கரன்ட். 300 வாட் கம்ப்ரசர் 12 வோல்ட்டில் ஓடினால் 25 ஆம்பியர் இழுக்கும். மொபைல் சார்ஜர் ஒயர் போன்ற மெல்லிய ஒயரை இடையில் சேர்த்து நீட்டினால் அது சூடாகி இளகும். கூடவே வந்த அடாப்டரையும், அதன் ஒயரையும் அப்படியே பயன்படுத்துவதே சரி. கார் பேட்டரியில் மாட்டுபவர்கள் சிவப்பு, கறுப்பு கிளிப்பை மாற்றிவிடக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு நிரப்புவதானால் வண்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும். கம்ப்ரசர் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் புகையும் சேர்ந்தே சிலிண்டருக்குள் போகும்.

பெரிய சிலிண்டர்களை நிரப்ப, பக்கெட் தண்ணீரில் சின்ன மோட்டார் போட்டுக் குளிரவைக்கும் 1,800 வாட் மெஷின் உண்டு. அது கிளப்புக்கு ஏற்றது. அதற்கு ஏசிக்குப் போடும் 15 ஆம்ப்ஸ் பிளக் வேண்டும். ஒரு பிள்ளையின் ஒரு ரைஃபிளுக்காக அதை வாங்குவது, இரண்டு பேருக்குச் சமைக்கக் கல்யாண அண்டா வாங்குவது போலத்தான்.

புது மெஷினை வாங்கியதும் நேராக ரைஃபிளில் மாட்டக் கூடாது. முதலில் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவைத்து, சுமை இல்லாமல் கையேட்டில் சொன்ன நேரம் ஓடவிட வேண்டும். மெல்லிய உலோகத் தூள், உள்ளே அதிகமாக இருக்கும் கிரீஸ் எல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு தானாக நிற்கும் அளவை 100 பார் என்று குறைவாக வைத்து, ஹோஸ் முனையை அதற்கான மூடியால் அடைத்து ஒரு சோதனை. கை சுவிட்சிலேயே இருக்கட்டும். ஹோஸுக்குள் இடம் மிகக் குறைவு என்பதால் முள் சில விநாடிகளில் எகிறிவிடும். சரியாக நின்றால், கேஸ் அடுப்பு ரெகுலேட்டருக்குச் செய்வது போல இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். விரலை வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. இந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று இருக்கிறது. தண்ணீர்.

சென்னைக் காற்று எவ்வளவு ஈரம் என்று துவைத்த துணிகளைக் கேட்டால் தெரியும். 30 டிகிரி வெப்பம், 75 சதவிகித ஈரப்பதம் இருக்கும் நாளில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். ரைஃபிள் சிலிண்டரின் கொள்ளளவு 0.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 பார் நிரப்ப, 40 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும். அதோடு ஏறக்குறைய 1 கிராம் தண்ணீரும் வரும். இருபது சொட்டு. காற்றை அமுக்கலாம், தண்ணீர் அமுங்காது, சொட்டாகப் பிரிந்துவிடும். அந்தச் சொட்டுகள் கம்ப்ரசரிலேயே பிரிந்தால் வெளியேற்றிவிடலாம். மெஷின் கொதித்துக்கொண்டிருந்தால் ஆவியாகவே ஹோஸைத் தாண்டிப் போய், குளிர்ந்த சிலிண்டருக்குள் சொட்டாகும். அங்கிருந்து துரு, பிறகு ரெகுலேட்டர் சீல், பிறகு ரிப்பேர் பில்.

பில்லைவிட ஸ்கோர் முக்கியம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 10 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். 60 குண்டுகள், ஒவ்வொன்றும் தசமத்தில் எண்ணப்படும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைத் தரவேண்டிய ரெகுலேட்டர் தடுமாறினால், 'இன்னிக்கு எனக்குக் கான்சன்ட்ரேஷனே இல்லை' என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும். பாவம், குற்றவாளி அந்த இருபது சொட்டாக இருக்கலாம்.

அதனால்தான் 'அஞ்சு நிமிஷ'த்தில் முடிக்கக் கூடாது என்பது. ஒரே மூச்சில் 90-லிருந்து 200-க்கு ஏற்றாமல், இரண்டு மூன்று தவணையாக ஏற்றலாம். ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் திருகைத் திறந்தால் 'புஸ்' என்று வெண்புகை மாதிரி வரும். அதுதான் தண்ணீர். உள்நுழையும் வழியில் வால்வு இருப்பதால் சிலிண்டரில் ஏறிய காற்று திரும்பி வராது. திரையில் வெப்பம் 65, 70 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட்டு, ஆறும்வரை ஒரு காபி குடிக்கலாம். கடைசியில் இருக்கும் ஃபில்டர் பஞ்சு நனைந்தோ பழுப்பேறியோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுவதே நல்லது. விலை சில ரூபாய்தான்.

அந்தச் சனிக்கிழமை இரவுக்குத் திரும்புவோம். சிலிண்டர் ரைஃபிளிலிருந்து கழற்றப்பட்டு, கம்ப்ரசர் ஹோஸில் மாட்டப்பட்டது. மெஷின் ஓடியது. 200 வந்ததும் தானாக நின்றது. அப்பா சிலிண்டரைக் கழற்றப் போனார். திருகவே இல்லை. இன்னும் பலம் கொடுத்தார். அசையவில்லை. டூல்ஸ் டப்பாவைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார்.

"அப்பா, கேஜைப் பாருங்க!" என்றாள் மகள்.

முள் இன்னும் 200-ல் நின்றது. மெஷின் நின்றுவிட்டது, ஆனால் ஹோஸில் இருந்த காற்று எங்கும் போகவில்லை.

இந்த வேலையில் ஒரே ஒரு விதியை மட்டும்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: கையால் கழலவில்லை என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அப்போது தேவை திருகைத் திறந்து காற்றை விடுவது, ஸ்பேனர் அல்ல. அழுத்தத்தோடு கழன்றால் ஹோஸ் பாம்புபோலச் சுழன்று அடிக்கும், இரும்பு முனை முகத்துக்கு வரும். அதனாலேயே கண்ணாடி அணிந்துகொள்வதும், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமலிருப்பதும். தானாக நிற்கும் வசதி இருக்கிறதே என்று மெஷினை ஓடவிட்டு டி.வி. பார்க்கப் போவதும் தப்பு. அந்த சென்சார் ஒருநாள் பொய் சொல்லும்.

அப்படிப் பொய் சொல்லும் நாளுக்காகத்தான் பர்ஸ்ட் டிஸ்க் என்ற மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வின் அண்ணன் என்று சொல்லலாம். அழுத்தம் எல்லை மீறினால் பட்டாசுச் சத்தத்தோடு கிழிந்து காற்றை வெளியேற்றும். கிழிந்தால் அதே அளவுத் தகட்டைத்தான் போட வேண்டும். 'அடிக்கடி போகுதே' என்று இரண்டு தகட்டைச் சேர்த்துப் போடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். குக்கர் சேஃப்டி வால்வை எம்-சீல் வைத்து அடைப்பவரும் அவரும் ஒரே ரகம்.

எண்ணெய் விஷயத்திலும் கைவைத்தியம் உதவாது. காற்றை இவ்வளவு வேகமாக அமுக்கும்போது உள்ளே கடும் சூடு பிறக்கும்; டீசல் இன்ஜினில் தீப்பொறியே இல்லாமல் எரிபொருள் பற்றிக்கொள்வது இதே தத்துவத்தில்தான். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் உள்ளே போகக் கூடாது. பிஸ்டனுக்குக் கையேட்டில் சொன்ன கிரீஸ் அல்லது எண்ணெய் மட்டுமே. ஹோஸ் முனை ஓ-ரிங்குகளுக்குத் துளி சிலிகான் கிரீஸ் போதும். ஓ-ரிங் தேயும் பொருள். உயர் அழுத்தத்துக்கு உரிய, கெட்டியான ரகத்தில் நாலைந்து வாங்கி டப்பாவில் போட்டுவைத்தால், போட்டிக்கு முந்தைய இரவில் கைகொடுக்கும். குழாய் ரிப்பேர் வாஷர் இங்கே ஒரு நிமிடம் தாங்காது.

ஆக்சிஜன் சிலிண்டர்? சிலர் விளையாட்டாகக் கேட்கிறார்கள். தாத்தாவுக்கு வாங்கிய மருத்துவ ஆக்சிஜன் வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று. கூடாது. அழுத்தமான ஆக்சிஜனும் கிரீஸும் சந்தித்தால் வெடிக்கும். இதில் 'கொஞ்சம்போல' என்ற பேச்சே இல்லை.

வேலை முடிந்ததும் திருகைத் திறந்தபடி இரண்டு நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டு ஈரத்தைத் துரத்திவிட்டு, ஆறிய பிறகு பெட்டியில் வைக்கலாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பவர்களுக்கு, பிஸ்டன் சீலை எப்போது மாற்றுவது என்பதில் குழப்பம் வராது. பால் கணக்கு எழுதிய தலைமுறைக்கு இது பெரிய வேலையா என்ன? முன்பு 8 நிமிடத்தில் ஏறிய அழுத்தம் இப்போது 14 நிமிடம் எடுக்கிறது என்றால், சீல் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் ரைஃபிளைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். சர்வதேச விதிப்படி, தயாரிப்பாளர் தந்த ஆயுள், அதிகபட்சம் 10 ஆண்டு, தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. பளபளவென்று இருக்கிறதே என்று அதில் 200 பார் ஏற்றிப் பார்ப்பது விஷப்பரீட்சை. 'சீனியர் அக்கா பாதி விலைக்குத் தர்றாங்க' என்று பிள்ளை சொன்னால், புது சிலிண்டரின் விலையையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான் நியாயம்.

அன்று இரவு அந்த வீட்டில், அம்மா ஸ்பேனரை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். "என்னங்க, குக்கர்ல விசில் அடங்கறதுக்கு முன்னாடி மூடியைத் திறப்பீங்களா?" அப்பா பேசாமல் திருகைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று போனது. சிலிண்டர் இரண்டு விரலால் கழன்றது.

அரை மணி நேரம் கழித்து, சூடு ஆறியதும் பார்த்தால், முள் 185-க்கு இறங்கியிருந்தது. லீக் இல்லை, சூட்டில் விரிந்த காற்று ஆறினால் முள் இறங்கத்தான் செய்யும். மகள் அதை மறுபடி மாட்டினாள்.

"போதும்மா, 185 நிறைய. நாளைக்கு அறுபது குண்டுதானே?" என்றார் அப்பா.

"ப்ராக்டிஸ் குண்டும் இருக்குப்பா. நீங்க போய்த் தூங்குங்க, நான் மெதுவா ஏத்திக்கறேன்."

"தனியாவா?" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.