இடிக்கப்பட்ட ஊருக்கு 80,000 சாட்சிகள்

2025 மார்ச் 27ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் நிறைவேற்றுக் கட்டளை ஒன்றில் கையொப்பமிட்டார். அமெரிக்க வரலாற்றுக்கு உண்மையையும் தெளிந்த புத்தியையும் மீட்டுத் தருவதே அதன் நோக்கம் என்று தலைப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்கள் இனத்தை மையப்படுத்திப் பிளவை வளர்க்கின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. வொஷிங்டனிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாறு, கலாசாரத்துக்கான தேசிய அருங்காட்சியகம் கட்டளையில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், முதற்கட்டமாக எட்டு அருங்காட்சியகங்களை மீளாய்வு செய்யப்போவதாக வெள்ளை மாளிகை கடிதம் அனுப்பியது. அந்த எட்டில் இதுவும் ஒன்று.

இதையொட்டிய விவாதங்களில் அடிமைமுறையே அதிகம் பேசப்பட்டது. ஆனால், அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வேறொரு பெரும் சொத்தும் இருக்கிறது: ‘எபொனி’, ‘ஜெட்’ சஞ்சிகைகளின் ஒளிப்படக் களஞ்சியம். ஏறத்தாழ 40 இலட்சம் படங்களும் நெகட்டிவ்களும் கொண்டது. வெளியீட்டு நிறுவனம் வங்குரோத்து நிலைக்குப் போனபோது, 2019இல் இது ஏலத்துக்கு வந்தது. நான்கு தனியார் அறக்கட்டளைகள் சேர்ந்து 3 கோடி டொலருக்கு வாங்கின. 2022இல் அதன் உரிமை இந்த அருங்காட்சியகத்துக்கும் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கெட்டி ஆய்வு நிறுவனத்துக்கும் கூட்டாக மாற்றப்பட்டது. பட்டமளிப்பு, திருமணம், புதுக் கடை, புது வீடு, மேடைக் கச்சேரி என்று கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கான பதிவு அது.

நான் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட படங்கள் வேறு வகையானவை. 1963இல் பேர்மிங்ஹாம் நகரில் பொலிஸ் நாய்கள் பாய்கின்ற படம், தண்ணீர்க் குழாயால் பிள்ளைகளை அடிக்கின்ற படம், 1955இல் கொல்லப்பட்ட எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவனின் சிதைந்த முகம். அவை உலகின் மனச்சாட்சியை உலுக்கிய படங்கள். அவை இல்லாமல் சிவில் உரிமைப் போராட்டத்தின் கதையைச் சொல்ல முடியாது. ஆனால், ஒரு சமூகத்தை அதன் மிக மோசமான நாளின் படத்தால் மட்டுமே உலகம் அறிந்துவைத்திருப்பதும் ஓர் அநீதிதான். போர்ப் படங்களாலேயே வெளியுலகம் அறிந்த ஒரு சமூகத்திலிருந்து எழுதும் எனக்கு அதை விளங்கிக்கொள்ளப் பாடநூல் தேவைப்படவில்லை.

அன்றாட வாழ்வின் படங்கள் அரசியல்ரீதியாக என்ன செய்யும் என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான உதாரணம் பிட்ஸ்பேர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட்.

ஒரே ஒரு ‘ஷொட்’

சார்ள்ஸ் ‘டீனி’ ஹரிஸ் 1908இல் பிட்ஸ்பேர்க்கில் பிறந்தவர். நாட்டின் முன்னணிக் கறுப்பினப் பத்திரிகைகளில் ஒன்றான ‘பிட்ஸ்பேர்க் கூரியர்’ பத்திரிகைக்காக 1930களின் நடுப்பகுதி தொடக்கம் 1970களின் நடுப்பகுதி வரை படம் எடுத்தார். சென்டர் அவெனியூவில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோவும் வைத்திருந்தார். லீனா ஹோர்ன், டியூக் எலிங்டன், ஜோ லூயிஸ், ஜாக்கி ரொபின்சன் என்று நகருக்கு வந்துபோன பிரபலங்கள் அவருடைய கமராவில் பதிவானார்கள். ஆனால், அவருடைய படங்களில் நிறைந்திருப்பவர்கள் அயலவர்கள்: அழகுநிலையத்தில் காத்திருக்கும் பெண்கள், தேவாலயத்துக்கு உடுத்திக்கொண்டு புறப்பட்ட குடும்பங்கள், பேஸ்போல் சிறுவர்கள், கடைவாசலில் நிற்கும் முதலாளிகள். வெள்ளையினப் பத்திரிகைகளில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் குற்றச் செய்திகளிலேயே இடம்பிடித்த காலம் அது.

ஒரு காட்சிக்கு ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார் என்பதால் அவருக்கு ‘வன் ஷொட்’ என்று பட்டப்பெயர். அதை வைத்தவர் அன்றைய மேயர் டேவிட் லோரன்ஸ். அந்த மேயரின் காலத்தில்தான் ஹரிஸின் ஊர் இடிக்கப்பட்டது.

‘பாழடைந்த பகுதி’ என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நகர மீளுருவாக்கம் என்ற பெயரில் 1956இலிருந்து லோவர் ஹில் பகுதியின் சுமார் 95 ஏக்கர் காணி சுவீகரிக்கப்பட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. 8,000க்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டார்கள். 400க்கும் அதிகமான வர்த்தக நிலையங்கள் இல்லாமற் போயின. பெத்தேல் என்ற பழைய கறுப்பினத் தேவாலயமும் தப்பவில்லை. அந்த இடத்தில் 1961இல் சிவிக் அரீனா என்ற உள்ளரங்கு எழுந்தது. ஐம்பது ஆண்டுகளின் பின் அதுவும் இடிக்கப்பட்டு, நிலத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் வாகனத் தரிப்பிடமாகக் கிடந்தது.

பழைய கட்டடங்கள், வசதி குறைந்த வீடுகள் அங்கே இருந்தது உண்மை. ஆனால், ‘பாழடைந்த’ என்ற நிர்வாகச் சொல் அங்கிருந்த கடன், நட்பு, தொழில், பாட்டு, வழிபாடு எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டிவிட்டது. அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சாட்சியாக இன்று நிற்பவை ஹரிஸின் நெகட்டிவ்கள். சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்து அவர் அவற்றை எடுக்கவில்லை. அடுத்த வாரப் பத்திரிகைக்காகவும் ஸ்டூடியோ வாடிக்கையாளருக்காகவும் எடுத்தார். அதனாலேயே அவற்றை நம்ப முடிகிறது.

2023இல், அந்த நிலத்தின் அபிவிருத்தி உரிமையை வைத்திருந்த பிட்ஸ்பேர்க் பென்குவின்ஸ் ஐஸ் ஹொக்கி அணி, ஒன்றரை ஏக்கர் காணியை பெத்தேல் தேவாலயத்துக்கு வழங்க இணங்கியது. படங்கள்தான் அதைப் பெற்றுத்தந்தன என்று சொல்ல மாட்டேன். சபையாரின் நீண்ட போராட்டமே காரணம். ஆனால், அங்கே இழக்க எதுவும் இருக்கவில்லை என்று இனி எவராலும் வாதிட முடியாது.

பெயர் இல்லாத முகங்கள்

ஹரிஸ் எடுத்த படங்களும் எளிதாகத் தப்பவில்லை. தன் நெகட்டிவ்களை இன்னொருவரிடமிருந்து மீட்க அவர் முதுமையில் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. வழக்கு முடியும் முன்னரே 1998இல் காலமானார். பின்னர் குடும்பம் அவற்றை மீட்டது. 2001இல் கார்னெகி கலை அருங்காட்சியகம் சுமார் 80,000 நெகட்டிவ்களை வாங்கியது. அவற்றில் மிகச் சிலவற்றிலேயே பெயரோ திகதியோ இருந்தன. எனவே அருங்காட்சியகம் ஹில் டிஸ்ட்ரிக்டின் முதியவர்களை அழைத்துப் படங்களைக் காட்டி, இது யார், எந்தத் தெரு, என்ன நாள் என்று கேட்டுப் பதிவுசெய்தது. வேலையின் மிகப் பெறுமதியான பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஸ்கேன் இயந்திரத்தை எப்போதும் வாங்கலாம். ஒரு முகத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் 85 வயதுக்காரர் எவ்வளவு காலம் இருப்பார்?

படத்தை எடுத்தவர், படத்தில் இருப்பவர், படத்தைப் பாதுகாப்பவர் ஆகிய மூவரும் ஒரே தெருவில் வாழ்ந்த காலம் போய்விட்டது. ஹரிஸின் ஊர் எஃகு முதலாளியின் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபொனியின் படங்கள் வெள்ளை மாளிகை மீளாய்வு செய்யும் ஒரு நிறுவனத்தின் பங்கில் இருக்கின்றன. குளிரூட்டிய அறையும் நிபுணர்களும் இல்லாவிட்டால் நெகட்டிவ்கள் அழிந்துவிடும் என்பதால், பெரிய நிறுவனங்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால், பாதுகாக்கும் பொறுப்பு விளக்கம் எழுதும் ஏகபோக உரிமையாகிவிடக் கூடாது.

ட்ரம்பின் கட்டளையால் நெகட்டிவ்கள் எரிக்கப்படப்போவதில்லை. எந்தப் படம் சுவரில் தொங்கும், அதன் கீழே என்ன எழுதப்படும் என்பதிலேயே அதன் அழுத்தம் விழும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஒரு வழிதான் தெரிகிறது. பிரதிகளும் பெயர்களும் வாய்மொழிப் பதிவுகளும் ஒரே கட்டடத்துக்குள் அடைபடாமல் அயல் நூலகங்களிலும் தேவாலயங்களிலும் குடும்பங்களிடமும் பரவிக் கிடக்க வேண்டும். லோவர் ஹில்லை இடித்தவர்களிடம் வரைபடங்களும் அளவைக் குறிப்புகளும் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுத யாரும் வரவில்லை. அந்த வேலை இன்னும் முடியவில்லை.