வெட்டுனதும் நாங்கதான், வளத்ததும் நாங்கதான்

நோன்புப் பெருநாளைக்கு முந்தின கிழமை கல்முனைக்குடி கடற்கரையில் ஒரு சிரமதானம் செய்தோம். பெருநாள் பின்னேரம் ஊரே கடற்கரைக்கு இறங்கும். ஐஸ்கிறீம் வண்டில், பலூன்காரர், பட்டம் விடுகிற பொடியன்மார் எல்லாரும் வர முதல் இடத்தைத் துப்பரவாக்க வேணும் என்பதுதான் திட்டம். அஸருக்குப் பிறகு பதினாலு பேர், நோன்போடு, மண்வெட்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனோம். சொப்பிங் பேக், யோகட் கோப்பை, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் பொறுக்கி முடிந்த பிறகும் இடம் என்னவோ கிளீனாகத் தெரியவில்லை. "இந்த எருக்கலப் பத்தையையும் அடிச்சா பளிச்செண்டு இரிக்கும்டா" என்றான் ஒருத்தன். அடித்தோம். பாங்கு சொல்ல முதல் ஏழெட்டுப் பற்றை விழுந்தது. படம் எடுத்துப் போட்டோம். லைக்கும் நல்லாத்தான் விழுந்தது.

அடுத்த நாள் காலையில் குவித்த குப்பையை ஏற்றிவிடப் போனபோதுதான் அதைக் கண்டோம். வாடிப்போன எருக்கலை இலைக் குவியலில் இருந்து புழுக்கள் இறங்கி வெறும் மணலில் நடந்துகொண்டிருந்தன. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரி, இடையிடையே மஞ்சள் புள்ளி, முதுகில் மெல்லிய கறுப்புக் கொம்புகள். அவை எங்கே போகின்றன என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். போவதற்கு இடம் இல்லை. அந்த வரிசையில் இருந்த எருக்கலை எல்லாவற்றையும் நாங்கள்தான் வெட்டிவிட்டோமே.

"இது மொனார்க்" என்றாள் யூடியூப் பார்த்துப் பழகிய ஒருத்தி. இல்லை. மொனார்க் வட அமெரிக்காவின் வண்ணாத்திப் பூச்சி; இலங்கையில் அது வாழ்வதில்லை. ஆனால் அவள் பெரிதாகப் பிழை விடவுமில்லை. இது மொனார்க்கின் சாச்சி மகள் மாதிரி. இரண்டுக்கும் ஒரே பேரினம், டனாவுஸ். மொனார்க் புழுவுக்குக் கொம்பு இரண்டு சோடி, எங்கட ஆளுக்கு மூன்று சோடி. ஆங்கிலத்தில் பிளைன் டைகர் என்கிறார்கள், தமிழ்நாட்டில் பூச்சி பார்ப்பவர்கள் வெந்தய வரியன் என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கட ஊரில் தனிப் பெயர் கிடையாது. பறக்கிறது எல்லாம் வண்ணாத்திப் பூச்சி, ஊர்கிறது எல்லாம் மசுக்குட்டி. இத்தனைக்கும் எகிப்தில் லக்சோர் கல்லறைச் சுவரோவியத்தில் ஏறத்தாழ 3500 வருஷத்துக்கு முன்னமே இந்தப் பூச்சியை வரைந்திருக்கிறார்கள்.

பதினொரு புழுவைப் பொறுக்கி, ஜாம் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதுதான் இரண்டாவது பிழை.

ஐந்தாம் ஆறாம் வகுப்பில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று வட்டம் கீறி அம்புக்குறி போட்டு முழுப் புள்ளியும் எடுத்தவர்கள் நாங்கள். அந்த வட்டத்தில் இலை இருக்கவில்லை. எந்த இலை என்று யாரும் கேட்கவுமில்லை. உண்மையில் முழுக் கதையும் அந்த இலையில்தான் கிடக்கிறது. தாய்ப் பூச்சி எருக்கலையையும் அதன் சொந்தக்காரச் செடிகளையும் தேடிப்போய், ஒரு தடவைக்கு ஒன்றாக, வெள்ளை நிற முட்டையை இலையில் ஒட்டுகிறது. மூன்று நாலு நாளில் பொரிக்கும். முதல் சாப்பாடு தன்னுடைய முட்டைக் கோது. அதற்குப் பிறகு இலை, இலை, இலை மட்டும்தான். நாலு தடவை தோல் கழற்றி, இரண்டு கிழமைக்குள் சின்னி விரல் நீளத்துக்கு வந்துவிடும்.

எருக்கலைப் பால் லேசுப்பட்ட சாமான் இல்லை. கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். இதயத்தைத் தாக்குகிற நஞ்சு அதில் இருக்கிறது. புழு என்ன செய்கிறது என்றால், அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சேமித்து வைக்கிறது. பூச்சியான பிறகும் அது கூடவே இருக்கும். ஒரு தடவை கொத்திப் பார்த்த குருவி அந்தச் செம்மஞ்சள் நிறத்தைப் பிறகு மறக்காது. அதனால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல், சந்தைக்குப் போகிற மூத்தம்மா மாதிரி, மெதுவாகப் பறக்கிறது. நஞ்சே இல்லாத வேறொரு பூச்சியின் பெண் இதைப் பார்த்து அதே நிறத்தில் உடுத்திக்கொண்டு திரிகிறது, குருவியை ஏமாற்ற.

இதெல்லாம் நாங்கள் பிறகு படித்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் 'இலை போட்டால் தின்னும்' என்பதுதான். இலையைக் கழுவி ஈரத்தோடு போட்டோம், மூடியில் ஆணியால் இரண்டு ஓட்டை குத்தினோம். போத்தலுக்குள் வேர்த்து, பீக்கையில் பூஞ்சணம் பிடித்து, இரண்டு நாளில் மூன்று புழு செத்தது. மிச்சம் எட்டையும் அட்டைப்பெட்டிக்கு மாற்றினோம். மேலே பழைய நுளம்பு வலைத் துண்டு, கீழே ஒவ்வொரு நாளும் மாற்றுகிற பேப்பர், துடைத்துக் காய்ந்த புது இலை, ஏறித் தொங்க ஒரு குச்சி. வளர்க்கிறவர்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். தோல் கழற்றப் போகும் புழு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதென்று தட்டிப் பார்க்கக் கூடாது. பாலைத் தொட்டால் கையைக் கழுவ முதல் கண்ணைக் கசக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் உம்மா பெட்டிக்கும் எங்களுக்கும் சேர்த்துக் காவல் இருந்தார்.

ஒரு இரவு முதல் புழு வலையில் பின்னங்கால் மாட்டித் தலைகீழாக வளைந்து தொங்கியது. அடுத்த நாள் தோல் கழன்றபோது உள்ளே புழு இல்லை. பச்சை நிறக் கூடு, அதில் தங்கப் பொட்டு. பொய்யில்லை, நகைக்கடைத் தங்கம் மாதிரியே மினுங்கும். இன்னொன்று அட்டையில் தொங்கியது. அதன் கூடு இளஞ்சிவப்பும் மண்ணிறமும் கலந்து வந்தது. இரண்டு கூட்டில் பூச்சிக்குப் பதிலாக இலையான் மாதிரி ஈக்கள் வந்தன. வெளியிலே இருந்தபோதே அவை புழுவுக்குள் குடியேறிவிட்டிருக்கின்றன. ஒன்றைப் பூனை தட்டி விழுத்தியது. ஐந்து பறந்தன. பதினொன்றில் ஐந்து.

இந்தக் கணக்கை வீரக்கதையாக எழுதலாம். 'புழுக்களைக் காப்பாற்றிய கல்முனைக்குடி இளைஞர்கள்' என்று தலைப்பும் போடலாம். ஆனால் நாங்கள் வெட்டாமல் விட்டிருந்தால் போத்தலும் தேவையில்லை, பெட்டியும் தேவையில்லை. வெட்டிய ஏழெட்டுப் பற்றையில் கண்ணுக்குத் தெரியாத முட்டை எத்தனை இருந்தது என்ற கணக்கு எங்களிடம் இல்லை.

"இது எங்கயும் இரிக்கிற பூச்சிதானே, என்னத்துக்கு இவ்வளவு பேச்சு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. வெந்தய வரியன் அருகிவரும் இனம் இல்லை. ஆபிரிக்காவில் இருந்து ஆசியா வரைக்கும் பரவிக் கிடக்கிறது. ஆனால் மொனார்க்கும் அப்படி எங்கேயும் இருந்த பூச்சிதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து நாலாயிரம் கிலோமீற்றர் வரை பறந்து, மெக்சிக்கோ மலைக்காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. எண்ண முடியாத கூட்டம் என்பதால் அவை மரத்தில் அடைந்திருக்கும் காட்டின் பரப்பைத்தான் அளக்கிறார்கள். 1996–97 குளிர்காலத்தில் 18 ஹெக்டயர். 2023–24இல் 0.9 ஹெக்டயர். காட்டழிவு, காலநிலை எல்லாம் காரணம். பெரிய காரணங்களில் ஒன்று, அதன் புழு தின்கிற பால் செடியைச் சோளக் காணிகளில் 'களை' என்று மருந்தடித்து முடித்தது. எங்கட வட்டைப் பக்கம் வரம்பில் மருந்தடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அங்கே சனம் பதறிப்போய் வீட்டில் புழு வளர்க்கத் தொடங்கியது. அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2019இல் வெளிவந்த சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், விற்பனைக்காக அடைத்து வளர்த்த மொனார்க் பரம்பரைக்குத் தெற்குத் திசை பிடிபடவில்லை. வீட்டுக்குள் வளர்ந்த காட்டு மொனார்க்குகளும் திசை தடுமாறின. நெருக்கமாக வளர்த்தால் நோயும் பரவும். ஆகவே எங்கள் அபிப்பிராயம்: ஒரு பிள்ளைக்குக் காட்டுவதற்கு ஒன்றிரண்டு வளருங்கள், நல்லது. அதற்கு மேல் ஆசைப்பட்டால் செடியை விடுங்கள், பூச்சி தன்னுடைய வேலையைப் பார்க்கும்.

செடியை விடச் சொன்னால் ஊரில் மூன்று பதில் வரும். பாம்பு, டெங்கு, பிள்ளைகளின் கண். பாம்புக்கு, விளையாடுகிற இடத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒதுக்குப்புறப் பற்றையை மட்டும் விடலாம். டெங்கு நுளம்பு எருக்கலையில் முட்டையிடுவதில்லை. சிரட்டையிலும் டயரிலும் யோகட் கோப்பையிலும் தேங்குகிற தண்ணியில்தான் இடும். அவற்றையெல்லாம் போட்டது நாங்கள்தானே. கண் விஷயம் உண்மை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேணும். அடுப்பு சுடும் என்று சொல்லிக் கொடுக்கவில்லையா?

எங்களை உறுத்துவது வேறொன்று. துப்பரவு என்றால் மொட்டையாக்குவது என்று எப்போது முடிவெடுத்தோம்? சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வீடும் போய் மரமும் போய்க் கிடந்த வெறும் மணலைப் பற்றி மூத்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். உப்புக் காற்றில், உரமில்லாமல், தண்ணியில்லாமல் அந்த மணலில் எழும்பி நிற்கிற செடி இது. அதைத்தான் அசிங்கம் என்று வெட்டிவிட்டு, 'கடற்கரையை அழகுபடுத்துவோம்' என்று எங்கிருந்தோ பூச்சாடி கொண்டுவருகிறோம். யானை குப்பைமேட்டில் பொலித்தீன் தின்றால் எங்களுக்கு இரக்கம் வருகிறது, நியாயம்தான். புழு சின்னது, யாரும் வீடியோ எடுப்பதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் அடுத்த சிரமதானம். வெட்டிய அடிக்கட்டைகளில் நாலு திரும்பவும் துளிர்த்திருக்கிறது. எருக்கலைக்கு அந்தப் பிடிவாதம் உண்டு. அவற்றில் சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்தோம். மூட்டு நோவுக்கு எருக்கலை இலை வாட்டிக் கட்டுகிற பக்கத்து வீட்டு மூத்தம்மா நாடாவைப் பார்த்துவிட்டு, "ஏன் மனே, இதுக்கும் வரி போட்டுட்டாங்களா, இனி இல புடுங்க ஏலாதா?" என்று கேட்டார். பிடுங்கலாம், அடிப்பக்கத்தை ஒருக்காப் பார்த்துட்டுப் பிடுங்குங்க என்று சொன்னோம். என்ன பார்க்கச் சொல்றீங்க என்று குனிந்தார். நாலாவது இலையின் அடியில், குண்டூசித் தலையளவில், ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது.