மறுவிற்பனையும் நமது ஒழுக்கப் பதற்றமும்

சில்லறை வியாபாரி என்றாலே நம் இலக்கிய வாசகருக்கு ஓர் ஐயம் வந்துவிடுகிறது. கொடைரோடு ரயில் நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடைக்காரர் மதுரை கீழமாசி வீதியிலோ திண்டுக்கல்லிலோ மொத்தமாகச் சரக்கெடுத்து வந்து, பெரிய உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கிறார். கொடைக்கானல் பேருந்துக்காக நிற்கும் நம்மவர் அதைப் பார்த்து, ‘எங்கோ மலிவாக வாங்கியதை இங்கே விற்கிறாரே, இது சட்டப்படி செல்லுமா?’ என்று கேட்கிறார். கேள்வியில் சட்ட அக்கறையைவிட வர்க்க இளக்காரமே மிகுதி என்பது என் எண்ணம்.

செல்லும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பனை நிறைவேறியதும் பொருளின் உடைமை வாங்கியவருடையது. முறையாக வாங்கிய சரக்கை, அதன் நிலை கெடாதவரை, மீண்டும் விற்பது குறிமீறல் ஆகாது என்கிறது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு. உறையைப் பிரிப்பதோ? 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் ‘பல உருப்படிப் பொட்டலம்’ என்பதை வரையறுக்கும்போதே, முழுதாகவோ தனித்தனியாகவோ சில்லறையில் விற்பதற்குரியது என்றுதான் சொல்கின்றன. உள்ளிருக்கும் ஒவ்வொன்றிலும் விலையும் எடையும் முறைப்படி அச்சாகியிருக்க வேண்டும், அவ்வளவே. ரேஷன் அரிசியைக் கடத்தி விற்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மானியப் பொருள்; அதற்குத் தனிச் சட்டம் உண்டு.

மொத்த விற்பனை அங்காடிகளின் கதை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவின் காஸ்ட்கோவில் குடும்பங்களே சந்தா கட்டி வாங்குகின்றன. இங்கே 2003இல் பெங்களூரில் மெட்ரோவும், 2009இல் அமிர்தசரஸில் வால்மார்ட்டின் கூட்டு நிறுவனமும் கடை திறந்தபோது, பல நிறுவனப் பொருள்களைச் சில்லறையில் விற்க அந்நிய முதலீட்டுக்கு அனுமதி இல்லை. ஆகவே வாங்குபவர் வியாபாரியாகவோ நிறுவனமாகவோ இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. 2010இல் மத்திய அரசு வெளியிட்ட வரையறையில் வரிப் பதிவு, கடை உரிமம் ஆகியவற்றோடு நடைபாதை வியாபாரியின் அனுமதிச் சீட்டும் இடம்பெற்றது. மறுவிற்பனைக்கென்றே கட்டப்பட்ட கூடத்திலிருந்து சரக்கெடுத்து வருபவரை நாம் கள்ளச்சந்தைக்காரரைப் போலப் பார்க்கிறோம். மளிகைக்கடை மாமாவின் அட்டையை இரவல் வாங்கிக்கொண்டு கல்யாணச் சாமான் வாங்கப் போகிறவருக்கோ எந்த உறுத்தலும் இல்லை. விதியை ஏய்ப்பவர் அவர்தான்.

புத்தக வாசகர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் எந்த உரிமையில் நடந்தன? வாங்கியவன் விற்கலாம் என்ற அதே உரிமையில்தான். தாய்லாந்தில் மலிவாகக் கிடைத்த பாடநூல்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்ற ஒரு மாணவர்மீது வைலி பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைக்காரரைப் பண்பாட்டுக் காவலர் என்று கொண்டாடிவிட்டு, சோப்பு விற்பவரை இடைத்தரகர் என்று ஏசுவது என்ன நியாயம்?

சில்லறை வியாபாரிக்கு உண்மையில் ஒரு வரம்பு உண்டு. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது. சரியான விதிதான், அதை மீறச் சொல்லி நான் வாதாடவில்லை. ஆனால் அது யார்மீது பாய்கிறது என்று பாருங்கள். விடுதிகளும் உணவகங்களும் புட்டித் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே நடப்பது வெறும் விற்பனை அன்று, சேவையும் கலந்தது என்பது காரணம். நாற்காலியும் விளக்கும் குளிர்ந்த காற்றும் சேவை என்றால், கொடைரோட்டு வெயிலில் மின்கட்டணம் கட்டிப் புட்டியைக் குளிர வைத்திருப்பது என்னவாம்? அதற்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் பெட்டிக்கடைக்காரருக்கு அபராதம். மலைமேல் விடுதியில் அதே தண்ணீருக்குப் பல மடங்கு கொடுத்துவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் நாம், கீழே இறங்கியதும் நுகர்வோர் உரிமை பேசுகிறோம். குளிர வைப்பதற்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணத்தை அரசே நிர்ணயித்து அந்த விதியில் சேர்த்துவிடலாம். அதைக் கேட்க இதுவரை நமக்குத் தோன்றவில்லை.