யாரிடம் போய்க் கேட்பது?

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் நமது சங்க ஆபீசுக்கு ஒரு தோழர் வந்தார். நூற்பாலையில் பதிலி வேலை செய்கிறவர். அவர் மனைவி விவசாயக் கூலி. சம்பளப் பாக்கி, போனஸ், பி.எப். என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார். அதில் ஒரு கடிதம். ஆங்கிலத்தில் நாலே வரி. உங்கள் சேனல் எங்கள் விதிகளுக்கு ஒத்ததாக இல்லை, ஆகவே வருமானம் நிறுத்தப்படுகிறது என்பது அதன் சாரம். எந்த வீடியோ குற்றம், எந்த இடத்தில் குற்றம் என்று ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து இல்லை. அனுப்பியவர் பெயரும் இல்லை.

"தோழர், மில்லிலே இப்படி நடந்தால் மேனேஜர் முன்னால் போய் நிற்கலாம். லேபர் ஆபீசுக்குப் போகலாம். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது?" என்றார்.

அன்று நம்மிடம் பதில் இல்லை. பிறகு விசாரித்தோம், படித்தோம், தெரிந்தவர்களைக் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் இன்று ஆலைத் தொழிலாளி வீட்டிலும் கூலிக்காரர் வீட்டிலும் யாராவது ஒரு பிள்ளை செல்போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

நாம் செய்த தவறு

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுவோம். இந்தத் தோழர் வீடியோ போடத் தொடங்கிய காலத்தில், "செல்போனை வைத்து விளையாடுகிறார், கூட்டத்துக்கு வருவதில்லை" என்று நாமும் கேலி பேசினோம். அது உழைப்பு என்று நமக்குத் தோன்றவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? வரப்பில் முளைக்கும் கீரைகளில் எதை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த அம்மாள் காட்டுவார். வயல் நண்டை எப்படிப் பிடிப்பது, நத்தையை எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்வார். கணவர் படம் எடுப்பார். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து தூங்கி, மாலை வெயில் சாய்வதற்குள் வயலுக்கு ஓட வேண்டும். எடுத்ததை வெட்டி ஒட்ட மூன்று இரவு. ஐந்து நிமிஷ வீடியோவுக்கு இருவர் உழைப்பு ஒரு வாரம். இப்படி 14 மாதம் ஒரு காசு வராமல் செய்தார்கள். பிறகு முதல் தடவையாக ஐந்தாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த நம்பிக்கையில் தவணைக்கு ஒரு நல்ல செல்போன் வாங்கினார்கள். ஆலை வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அவர் யோசித்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் நாலு வரிக் கடிதம் வந்தது.

இது உழைப்பு இல்லையென்றால் வேறு எது உழைப்பு?

மரக்கால் யார் கையில்?

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கம்பெனிகளின் நடைமுறை பெரும்பாலும் ஒரே அச்சு. உலகமறிந்த யூடியூப்பின் விதிகளையே எடுத்துக்கொள்வோம். அவை எல்லோருக்கும் தெரிய வெளியிடப்பட்டவை.

வீடியோவுடன் விளம்பரம் ஓடுகிறது. அந்த விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, 45 சதவீதம் கம்பெனிக்கு. ஷார்ட்ஸ் என்னும் குட்டி வீடியோவில் கணக்கு தலைகீழ்: போட்டவர்களுக்கென்று ஒதுக்கிய தொகையில் 45 சதவீதம்தான் அவர்கள் கைக்கு வருகிறது. நம் விவசாயத் தோழர்களுக்கு இது உடனே விளங்கும். இது வாரச் சாகுபடி. நிலம் அவனுடையது, உழைப்பு நம்முடையது, களத்தில் பங்கு.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தஞ்சையில் 1952இல் வந்த சட்டம் சாகுபடி செய்பவருக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று நிர்ணயித்தது. 1956இல் வந்த சட்டம், நன்செயில் நிலச்சொந்தக்காரனுக்கு 40 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றது. பங்கைச் சட்டம் தீர்மானித்தது. இங்கே பங்கைத் தீர்மானிப்பவனும் நிலச்சொந்தக்காரன். களத்தில் மரக்கால் பிடிப்பவனும் அவனே. "நாளை முதல் வயலில் இறங்காதே" என்று சொல்பவனும் அவனே.

2018 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். அதற்கு முந்திய வருஷம் வந்த விதிப்படி, ஒரு சேனலின் வீடியோக்களை மொத்தம் 10,000 தடவை ஜனங்கள் பார்த்திருந்தால் விளம்பர வருமானத்துக்கு மனுப் போடலாம். இந்த அறிவிப்பு அதை மாற்றியது. இனி 1,000 சந்தாதாரர் வேண்டும். 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிஷம். ஒருவர் மூன்று நிமிஷம் பார்ப்பதாக வைத்தால் 80,000 தடவை பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு மட்டுமா இந்த விதி? இல்லை. பிப்ரவரி 20 முதல், ஏற்கனவே வருமானம் பெற்றுவந்த சின்னச் சேனல்களையும் இதே விதியால் வெளியேற்றினார்கள்.

கம்பெனி ஒரு சமாதானம் சொன்னது. பாதிக்கப்படுவோரில் 99 சதவீதம் பேர் முந்திய ஒரு வருஷத்தில் 100 டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தவர்கள், 90 சதவீதம் பேர் கடைசி மாதத்தில் இரண்டரை டாலருக்கும் குறைவாகப் பெற்றவர்கள் என்றது. அதாவது, சில்லறைதானே என்பது வாதம். யாருக்குச் சில்லறை? கூலி வாங்கும் வீட்டில் அது அரிசிக்காசு. வேலையே புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பவனுக்கு அது மேலும் செய்யத் தைரியம் கொடுக்கும் காசு.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. 2020 நவம்பரில் கம்பெனி தன் ஒப்பந்தத்தைத் திருத்தியது. வருமான அனுமதி பெறாத சேனல்களின் வீடியோக்களிலும் விளம்பரம் ஓட்டும் உரிமையை எடுத்துக்கொண்டது. முதலில் அமெரிக்காவில், 2021 ஜூன் முதல் மற்ற நாடுகளிலும். அந்த விளம்பரத்தில் வீடியோ போட்டவருக்குப் பங்கு கிடையாது. சின்னவனின் சில்லறையைக் கணக்கு வைத்துக் கொடுக்க முடியாதாம். அவன் வீடியோவில் வரும் சில்லறையைத் தன் பையில் போட்டுக்கொள்ள மட்டும் முடியுமாம்.

ஜெயித்தவர்களைக் காட்டுகிறார்களே?

சிலர் கேட்கிறார்கள்: உழைத்தவன் முன்னுக்கு வரவில்லையா? புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வயல்வெளியில் சமைத்துக் காட்டும் வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்கள் வரவில்லையா?

வந்தார்கள். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர் சேர்ந்தார்கள். அந்த வருஷமே முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். கிராமத்து உழைப்பாளிகள் உலகம் பார்க்க உயர்ந்ததில் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு குடும்பம் உயர்ந்ததைக் காட்டி, மற்றவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்று சொல்வது எந்த நியாயம்? ஒரு தொழிலாளி சூப்பர்வைசர் ஆனார் என்பதற்காக மற்றவர்களின் பஞ்சப்படியை வெட்டலாமா?

ஜெர்மனியில் கேட்டார்கள்

"யாரிடம் போய்க் கேட்பது?" என்ற கேள்வி நம் தோழருக்கு மட்டும் வந்ததல்ல. கவண் செய்து காட்டி வீடியோ போடும் ஜெர்மானியர் யோர்க் ஸ்ப்ராவே, தம்மைப் போன்றவர்களைச் சேர்த்து 2018 மார்ச்சில் யூடியூபர்ஸ் யூனியன் என்ற சங்கத்தைத் தொடங்கினார். 2019 ஜூலையில் அதனுடன் கைகோத்தது யார் தெரியுமா? ஐ.ஜி.மெட்டால். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஜெர்மன் உலோகத் தொழிலாளர் சங்கம். லேத்து மெஷின் தொழிலாளியின் சங்கம் வீடியோக்காரனின் கேள்வியைத் தன் கேள்வியாக ஏற்றது. நாம் கேலி பேசிக்கொண்டிருந்தோம், அவர்கள் கைகொடுத்தார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? வருமானத்தையும் பார்வையையும் பாதிக்கும் விதிகளை ஒளிக்காமல் வெளியிடு. தண்டித்தால் காரணம் சொல். பேசுவதற்கு ஒரு மனிதரைக் கொடு. தகராறு வந்தால் பொதுவான நடுவர் வை. விதிகளைச் செய்யும்போது எங்களுக்கும் இடம் கொடு. அவ்வளவுதான்.

கம்பெனி என்ன சொன்னது? இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்ல, பேச்சுவார்த்தை கிடையாது என்றது. இந்தப் பதிலை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இதே பதில்தானே?

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ஐரோப்பிய யூனியனில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதன்படி, வீடியோவை நீக்கினாலும் சரி, பணத்தை நிறுத்தினாலும் சரி, காரணத்தைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். முறையீட்டை இயந்திரம் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கம்பெனிக்கு வெளியே ஒரு தீர்வு மன்றத்துக்குப் போகலாம். ஒரு சங்கம் கேட்டதால் மட்டுமே இது வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2019இல் "முடியாது" என்று சொன்ன காரியங்களில் சில ஐந்து வருஷத்துக்குள் சட்டமாகிவிட்டன.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. ஒரு காலத்தில் மேஸ்திரி "நாளைக்கு வராதே" என்றால் அதோடு சரி. 1946இல் நிலையாணைச் சட்டம் வந்தது. விதியை எழுதி ஒட்டு, குற்றச்சாட்டை எழுத்தில் கொடு, பதில் சொல்ல அவகாசம் கொடு என்ற நிலை அதன்பின் ஏற்பட்டது. செல்போனில் வேலை செய்பவன் இன்று 1946க்கு முன்னால் நிற்கிறான்.

இங்கே என்ன செய்யலாம்?

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. இந்த வேலையில் இறங்கியிருக்கும் தோழர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் சொல்வது இது.

ஒன்று: கூலி வேலையை விடாதீர்கள். வரப்போகும் வீடியோ வருமானத்தை நம்பித் தவணையும் கடனும் வேண்டாம். யூடியூப்பில் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் கிடைக்கும் விளம்பர விலையும் இங்கே பார்த்தால் கிடைக்கும் விலையும் ஒன்றல்ல.

இரண்டு: பிறர் எடுத்த படத்தையும் சினிமாப் பாட்டையும் தொடாதீர்கள். பாட்டுக்குச் சொந்தக்காரன் உரிமை கோரினால் அந்த வீடியோவின் வருமானம் அவனுக்குப் போகலாம். உங்கள் குரல், உங்கள் வயல், உங்கள் கை இவற்றை யாரும் குற்றம் சொல்ல முடியாது. எடுத்த மூலப் படத்தை அழிக்காமல் வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்தால் அதுதான் சாட்சி.

மூன்று: மறுப்பு வந்தால் சோர்ந்து உட்காராதீர்கள், தேதியைக் குறியுங்கள். யூடியூப்பில் 21 நாளுக்குள் முறையீடு செய்யலாம். முதல் மறுப்பானால் 30 நாள் கழித்து மறுபடி மனுப் போடலாம்.

நான்கு: யாரிடம் கேட்பது என்பதற்கு நம் நாட்டிலும் அரைகுறையாக ஒரு பதில் உண்டு. 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தக் கம்பெனிகள் குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, விதியில் குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். திருப்தியில்லையென்றால் 30 நாளுக்குள் சர்க்கார் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஆனால் வருமானத்தை நிறுத்துவது பற்றி அந்த விதிகளில் தனியாக எதுவும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதே நமது முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்: பணத்தை நிறுத்தினால் எந்த வீடியோ, எந்த இடம், எந்த விதி என்று தமிழில் எழுதிக் கொடு!

ஐந்து: தனியாக இருக்காதீர்கள். ஒரு வட்டாரத்தில் பத்துப் பேர் வீடியோ போட்டால் பத்துப் பேரும் மாதம் ஒரு தடவை கூடுங்கள். ஒருவர் கடிதத்தை மற்றவர் படியுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் முறையீடு எழுதிக் கொடுக்கட்டும். நமது சங்க ஆபீசின் கதவு அதற்குத் திறந்திருக்கும். இனி கேலி பேச மாட்டோம்.

மறுநடவு

அந்தத் தோழர் என்ன ஆனார்? நாலைந்து பேராக உட்கார்ந்து அவருடைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பழைய வீடியோக்கள் பதினொன்றில், அழகுக்காக வேறு யாரோ எடுத்த படத்துண்டுகளைச் சேர்த்திருந்தார். குற்றம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தோம். ஊகிக்கத்தான் முடிந்தது, கம்பெனி சொல்லவில்லையே! அவற்றை நீக்கி, அந்த அம்மாள் தம் குரலிலேயே மறுபடி பேசி ஏழு வீடியோக்களைப் புதிதாகச் செய்தார்கள். மனுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து அனுமதி திரும்ப வந்தது. அதற்கும் காரணம் சொல்லப்படவில்லை. முதல் மாத வருமானம் மூன்று நாள் களையெடுப்புக் கூலிக்குக்கூடச் சமமில்லை. செல்போன் தவணை இன்னும் ஐந்து பாக்கி. தோழர் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

"இவ்வளவுக்கும் பிறகு இதைத் தொடரத்தான் வேண்டுமா அம்மா?" என்று கேட்டோம்.

"நாத்து அழுகிப் போச்சுன்னு நடவை விட்டுடுறோமா அண்ணே? மறுநடவு போடுறோம். ஆனா வாய்க்கால்ல தண்ணி ஏன் வரலைன்னு ஆபீசுல போய்க் கேக்கவும் செய்யறோம்ல?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நடவும் போடுவோம், போய்க் கேட்கவும் செய்வோம். ஒருவர் கேட்டால் நாலு வரிக் கடிதம்தான் வரும். ஊர் ஊராகச் சேர்ந்து கேட்போம்.