சம்பளம் கொடையா, கடனா?

பத்தாந் தேதி கழிந்த ஒரு மாலைப்பொழுது. எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் தன் தாயாரின் சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தான். தாயார் நானுஓயாவை அடுத்த ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முழுப்பேர் விழுந்திருக்கும் என்று அவர் எண்ணியிருந்த இரண்டு நாட்களுக்குச் சீட்டிலே அரைப்பேர்தான் விழுந்திருந்தது. “கணக்குச் சரியா, சேர்?” என்று கேட்டான். நாமும் காகிதத்தை விரித்துக் கூட்டியும் கழித்தும் பார்த்தோம். இறுதியில், “சங்கத் தலைவரிடம் காட்டு, அங்கே தீராவிட்டால் தொழில் கந்தோருக்குப் போகலாம்” என்று சொன்னோம்.

எழுந்து போகப் புறப்பட்டவன் வாசற்படியில் நின்று வேறொரு கேள்வி கேட்டான். “தோட்டம் சம்பளத்தைக் குறைத்தால் கேட்பதற்கு இடமிருக்கிறது. அரசாங்கமே தன் உத்தியோகத்தருக்குக் குறைத்தால் அவர் எங்கே போவார், சேர்?”

சிறுவன் கேட்ட அக்கேள்விக்கு விடை காண நம் நாட்டில் ஒரு மனிதர் ஏழாண்டுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. அவ்வழக்கின் வரலாற்றை இவ்வாரம் நம் வாசகர்களுக்குச் சொல்வது பொருத்தமென எண்ணுகிறோம். சட்டம் பயில விரும்பும் மாணவர் மட்டுமன்றி, மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

செல்லையா கோடீசுவரன் என்பவர் கேகாலைக் கச்சேரியில் கடமையாற்றிய தமிழ் இலிகிதர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டம் பிறப்பதற்கு முன்பே அரசாங்க சேவையில் சேர்ந்தவர் அவர். சேர்ந்தபோது அவருக்குச் சொல்லப்பட்ட சம்பளத் திட்டத்திலே சிங்களத் தேர்ச்சி என்றொரு நிபந்தனை இருந்ததில்லை. ஆண்டுதோறும் இத்தனை ரூபா ஏறும் என்ற கணக்கே இருந்தது. 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது. குறித்த காலத்துக்குள் சிங்கள மொழிப் பரீட்சையில் தேறாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். கோடீசுவரன் பரீட்சைக்கு அமரவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்கு வர வேண்டிய ஏற்றம் வரவில்லை.

நிறுத்தப்பட்டது பெருந்தொகையன்று. பலர் முணுமுணுத்துவிட்டுப் பேசாமலிருந்திருப்பர். சிலர் பரீட்சை எழுதிவிட்டு மறந்திருப்பர். அவரோ கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். சுற்றுநிருபம் தம்மைக் கட்டாது, ஏற்றம் தமக்கு உரியது என்பவையே அவர் கோரிக்கைகள்.

வழக்கினுள் இரண்டு கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. முதலாவது சிறியதுபோலத் தோன்றுவது: அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியுமா? இரண்டாவது பெரியது: சிங்களம் மட்டும் சட்டமே செல்லுமா? அக்காலத்தில் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, மற்றைய இனத்தவருக்கும் மதத்தவருக்கும் இல்லாத ஓர் இடையூற்றை ஓர் இனத்தவர்மீதோ மதத்தவர்மீதோ சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று தடுத்திருந்தது.

அந்த 29ஆம் பிரிவு மலையக மக்களாகிய நமக்குப் புதியதன்று. குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கியபோது, அதே கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லையைச் சேர்ந்த கோடக்கன் பிள்ளை என்பவர் இப்பிரிவையே துணைக்கொண்டு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றார். 1953இல் அவர் தோற்றார். தன் குடிகள் யாரென வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்றும், அச்சட்டம் எந்த இனத்தையும் குறிவைத்ததெனக் கொள்ளமுடியாது என்றும் அம்மன்றம் கருதியது. மலையகத்தவருக்குக் கைகொடாத அப்பிரிவு ஒரு கச்சேரி இலிகிதருக்குக் கைகொடுக்குமா என்பதை நாடே நோக்கியிருந்தது.

1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர் இரண்டு கேள்விகளிலும் இலிகிதர் பக்கமே தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுக்கலாம் என்றார். அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆதலால் அதன்வழி வந்த சுற்றுநிருபமும் செல்லாது என்றார். கீழ்நிலை நீதிமன்றத்து நீதிபதி ஒருவர், நாட்டின் அரசியலையே மாற்றிய சட்டமொன்றைச் செல்லாதென்று எழுதிய துணிவை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எப்படி மாற்றியது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மொழிச் சட்டம் சரியா தவறா என்ற பெரிய கேள்வியை மன்றம் தொடவேயில்லை. அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக வழக்குத் தொடுக்கவே முடியாது, ஆகவே மற்றதை ஆராயத் தேவையில்லை என்று முதற் கேள்வியோடு நின்றுவிட்டது. உள்ளே வழக்கு இருந்தது, வாசற்கதவு சாத்தப்பட்டது.

இந்தக் கதவு எங்கிருந்து வந்தது? ஆங்கில நாட்டிலிருந்து வந்தது. அரசாங்க ஊழியன் முடியின் விருப்பம் உள்ளவரைதான் பணியில் இருக்கிறான் என்பது அங்கே பழைய கொள்கை. விருப்பம் போனால் பணி போகும். காரணம் கேட்க இயலாது. இதனை மேலும் நீட்டி, அவன் பெறும் சம்பளமும் உரிமையன்று, அரச கருணையால் வரும் கொடையே என்று 1926இல் ஸ்கொத்லாந்து நீதிபதி ஒருவர் கூறினார். இக்கொள்கை குடும்பங்களுக்குள்ளும் புகுந்தது. 1943இல் இந்தியச் சிவில் சேவை அதிகாரியொருவரின் மனைவி, தமக்குச் சேர வேண்டிய பராமரிப்புப் பணத்துக்காகக் கணவரின் சம்பளத்தைப் பற்றிக்கொள்ள இலண்டன் நீதிமன்றத்தை நாடினார். சம்பளம் அரசாங்கம் தர வேண்டிய கடனே அன்று. கடனல்லாததை எவ்வாறு பற்றுவது என்று சொல்லி மன்றம் மறுத்துவிட்டது. சம்பளம் கொடை என்றால், அதை நம்பி அரிசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணக்குப் போட்ட குடும்பமும் கொடையை எதிர்பார்த்து நிற்கும் குடும்பமே ஆகிவிடுகிறது அன்றோ?

இந்தியா இக்கொள்கையை முன்னரே உதறியிருந்தது. பீகார் மாநிலத்தில் அப்துல் மஜீத் என்ற உதவிப் பொலிஸ் பரிசோதகர் பணிநீக்கம் செய்யப்பட்டுப் பின்னர் முறையீட்டில் மீண்டும் பணியிலமர்ந்தார். ஆயினும் இடைக்காலத்துச் சம்பளம் மறுக்கப்பட்டது. 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் அச்சம்பளத்தை அவர் வழக்காடிப் பெறலாம் என்று தீர்த்தது. அரசாங்க ஊழியனின் சம்பளத்தைக் கடன்கொடுத்தவன் நீதிமன்றத்தின் வழியே பற்றிக்கொள்ளச் சட்டம் இடந்தரும்போது, அதே சம்பளத்தை உழைத்தவன் கேட்கக்கூடாது என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. எளிய வாதம்; ஆனால் விடை சொல்ல முடியாத வாதம்.

கோடீசுவரன் வழக்கும் இலண்டன் சென்றது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சிலின் தீர்ப்பை டிப்லொக் பிரபு வழங்கினார். ஊழியனை விருப்பம்போல் நீக்கலாம் என்பது ஒன்று. அவன் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த ஊதியம் வேறொன்று என்று அம்மன்றம் பிரித்துக் காட்டியது. நாளை முதல் இன்ன நிபந்தனை என்று அரசாங்கம் சொல்லக்கூடும். ஆனால் நேற்றுச் செய்த வேலைக்குரிய பணம் கடனாகிவிட்டது; கடனைக் கேட்க நீதிமன்றம் உண்டு. மேலும், அரசன்மீது அவன் மன்றத்திலேயே வழக்காட முடியாது என்ற ஆங்கில வழக்கம் உரோம ஒல்லாந்தச் சட்டம் வழங்கிய இலங்கையில் வேரூன்றவில்லை. ஒப்பந்தங்கள் குறித்து அரசாங்கத்தின்மீது வழக்கிடுவது இங்கே நெடுங்காலமாக ஏற்கப்பட்டிருக்க, ஊழிய ஒப்பந்தத்துக்கு மட்டும் விலக்கு எதற்கு என்பதும் அதன் கருத்து.

இவ்வாறு கதவு திறந்தது. ஆனால் உள்ளே இருந்த பெரிய கேள்விக்குப் பிரிவிக் கவுன்சிலும் விடை சொல்லவில்லை. மொழிச் சட்டம் செல்லுமா என்பதை இலங்கை உயர் நீதிமன்றமே முதலில் ஆராயட்டும் என்று வழக்கைத் திருப்பியனுப்பிவிட்டது. பின்னர் நடந்தது யாவரும் அறிந்தது. 1971இல் இயற்றப்பட்ட சட்டத்தால் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையிடும் வழி அடைபட்டது. 1972 மே 22ஆம் நாள் பிறந்த குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவைக் கைவிட்டுச் சிங்களத்தின் தனிநிலையைத் தன்னுள்ளேயே எழுதிக்கொண்டது. கேள்வி விடை பெறாமலே காலத்தில் கரைந்தது. தமிழும் அரசகரும மொழியாகும் என்ற சொற்கள் அரசியலமைப்பில் ஏறியது 1987இல், பதின்மூன்றாந் திருத்தத்தின்போதுதான். அதற்குள் நாடு பட்ட துன்பங்களை நாம் இங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நாம் சிங்களம் கற்பதற்கு எதிரானவரல்லர். நம் மாணவரைக் கற்கும்படி நாள்தோறும் தூண்டுகிறோம். நானுஓயாச் சந்தையில் இரு மொழியும் பேசுபவர் எங்கும் இடறுவதில்லை. 2007ஆம் ஆண்டின் அரசாங்கச் சுற்றுநிருபமொன்று, அவ்வாண்டு ஜூலை முதல் சேவையில் சேருவோர் தம் மொழியோடு மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. 1961இன் சுற்றுநிருபத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஒரு மொழிக்காரர் தோளில் மட்டும் வைத்த சுமை; இது இருவரும் பகிர்ந்து தூக்கும் சுமை. பரீட்சை தவறன்று. ஒருவருக்கு மட்டும் பரீட்சை என்பதே தவறு. 29ஆம் பிரிவு சொல்ல முயன்றதும் இதுவே.

மறுநாள் அம்மாணவனிடம் இவ்வரலாற்றைச் சொன்னோம். சற்றுநேரம் சிந்தித்துவிட்டு, “அப்படியானால் அவர் வென்றாரா, தோற்றாரா, சேர்?” என்றான்.

தம் இனத்துக்காகக் கேட்ட கேள்விக்கு அவர் விடை பெறவில்லை. ஆனால் சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர் யாவருக்கும், சிங்களவர் தமிழர் முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, ஓர் உரிமையை வாங்கித் தந்தார். அவரைத் தடுத்த அலுவலகங்களில் இருந்தவர்களின் சம்பளத்துக்கும் அத்தீர்ப்பு காவலாக நின்றது. உழைத்த கூலி கொடையன்று, கடன்.

அவனுடைய தாயாரின் சீட்டைச் சங்கத் தலைவர் கந்தோருக்குக் கொண்டுபோயிருக்கிறார். இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு பேர்தான். அந்த ஒரு பேரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று தாயாரிடம் சொல்லச் சொன்னோம்.