எவர்சில்வரின் கண்ணுக்குத் தெரியாத தோல்

புதிதாக வாங்கிய எவர்சில்வர் குண்டானில் ஒரே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். 'மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்' என்று கடைக்காரர் மீதுதான் முதலில் கோபம் வரும். பல சமயம் குற்றவாளி பாத்திரம் தேய்க்கும் இடத்திலேயே இருக்கும்.

எவர்சில்வரில் பெயரைத் தவிர வெள்ளி எங்கும் கிடையாது. பெரும்பகுதி இரும்புதான். 18/8 என்று முத்திரை குத்திய பாத்திரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே படலமாகப் படிகிறது. கனம் சில நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும்.

இதற்குப் பரம எதிரி உப்பு. குளிர்ந்த நீரில் போட்ட கல்லுப்பு கரையாமல் அடியில் தங்கினால், ஊசி குத்தியதுபோல் குழி விழலாம். தண்ணீர் கொதித்தபின் உப்புப் போட்டுக் கிளறினால் தொல்லை இல்லை. ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடிதான் என்று பாட்டிகள் பிடிவாதம் பிடித்ததும் சரியே. அடுத்த எதிரி, சாதா இரும்புக் கம்பி நார். அதன் துகள்கள் பாத்திரத்தில் பதிந்துகொள்ளும், துருப்பிடிப்பது அவைதான்.

தொழிற்சாலையிலும் இதே கதை. வெட்டும் கருவிகளிலிருந்து ஒட்டிய இரும்பை நீக்க, நைட்ரிக் அமிலத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ முக்கி எடுக்கிறார்கள். இதற்கு 'பாசிவேஷன்' என்று பெயர். எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம்தான்!

தேய்மானம் வேறு தலைவலி. எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டை முறுக்கினால், சில நேரம் இரண்டும் கவ்விக்கொண்டு கழற்றவே வராது. பம்பு, வால்வுகளில் உரசும் பாகங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நைட்ரஜன் ஏற்றினால் மேற்பரப்பு கெட்டிப்படும். ஆனால் குரோமியம் நைட்ரஜனோடு கூட்டு சேர்ந்துவிடும். காவல் படலம் கட்ட ஆள் இருக்காது. தேயாது, துருப்பிடிக்கும்! 1980களில் இதற்கு வழி பிறந்தது. சுமார் 450 டிகிரிக்குக் கீழே, பல மணி நேரம், அவசரப்படாமல் ஏற்றினால் நைட்ரஜன் உள்ளே புகும். குரோமியமோ இருந்த இடத்திலேயே இருக்கும். கடினம் பல மடங்கு கூடும், துருவும் அண்டாது.

குண்டானுக்கு இவ்வளவு தேவையில்லை. புள்ளிகள் மேல் எலுமிச்சை மூடியைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். குழி விழுந்திருந்தால் மட்டும் போகாது.