வட்டத்தில் ஒரு நாற்காலி

ப்ளூகிராஸ் என்றதும் ஏதோ புல்வெளி, தோட்டக்கலை பற்றி எழுதப்போகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு இசை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக்கு அங்கே விளையும் ஒரு புல்லின் பெயரால் செல்லப்பெயர் உண்டு. அந்த மாநிலத்துக்காரரான பில் மன்றோ தன் குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார். பின்னாளில் அந்தப் பெயரே அவர்கள் வாசித்த இசைக்கும் ஒட்டிக்கொண்டது.

பாஞ்சோ, மாண்டலின், பிடில், கிடார், ஆளுயர பேஸ். இவ்வளவுதான் வாத்தியங்கள். மேளம் கிடையாது. மாண்டலின்காரர் தந்திகளை அழுத்திப் பிடித்து 'சக், சக்' என்று வெட்டி வாசிப்பதுதான் தாளம். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஒரே ஒரு தடவை வரும். இங்கே ஒவ்வொரு பாட்டிலும் வாத்தியக்காரர்கள் ஆளுக்கு ஒரு முறை முன்னால் வந்து தங்கள் பங்கை வாசித்துவிட்டுப் பின்னால் போவார்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக் என்பதால் வந்த பழக்கம். இடித்துக்கொள்ளாமல் அவர்கள் முன்னும் பின்னும் நகர்வதைப் பார்ப்பதே ஒரு அழகு.

இந்த இசையில் சின்னப் பையன்கள் புதுமை செய்யலாமா, கூடாதா என்று அங்கே ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடக்கிறது. மகள் வட கரோலினாவில் குடியேறிய பிறகு, போகும்போதெல்லாம் இந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதில் ஒரு கட்சி ஏற்பட்டுவிட்டது.

2019-ல் ராலி நகரத்தில் ப்ளூகிராஸ் விழா. செப்டம்பர் கடைசி, ஆனாலும் நம்மூர் வெயில். நகரத்தின் நடுத்தெருவையே அடைத்து மேடைகள் போட்டிருந்தார்கள். டிக்கெட் இல்லை. ஒரு மேடையில் ஐந்து இளைஞர்கள். யாருக்கும் முப்பது வயது இருக்காது. பழைய பாட்டு ஒன்றை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டு சரணம் முடிந்ததும் பாட்டு எங்கோ கழன்று போயிற்று. பிடில் ஜாஸ் பக்கம் நழுவியது. கிடாரில் ஏதோ மின்சாரக் கருவியை இணைத்து ராக் இசை மாதிரி ஒரு முழக்கம். பத்து நிமிடத்துக்கு மேல் அலைந்துவிட்டு, சொல்லிவைத்தாற்போல ஐந்து பேரும் ஒரே அடியில் பல்லவிக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டம் கூச்சல் போட்டது.

என் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர். என் வயது இருக்கலாம். அவர் கை தட்டவில்லை. நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் இது ப்ளூகிராஸ் இல்லை, பில் இருந்திருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்ற இடத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை.

பில் மன்றோ 1911-ல் ரோசீன் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. அண்ணன்மார் பிடிலையும் கிடாரையும் எடுத்துக்கொள்ள, இவருக்கு மிஞ்சியது மாண்டலின். அதிலும் சத்தம் அதிகமாக வரக்கூடாது என்று எட்டுத் தந்தியில் நாலைக் கழற்றிவிடச் சொன்னார்களாம். வீட்டுக்குக் கடைக்குட்டியாகப் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் விளங்கும். பத்து வயதில் அம்மா போனார், பதினாறில் அப்பா. பிடில் வாசிக்கும் தாய்மாமன் பென் வீட்டில் தங்கினார். மாமனிடமிருந்து பழைய மெட்டுகள் வந்தன. ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடன் நடன விருந்துகளுக்குப் போய் வாசித்ததில் ப்ளூஸ் வந்தது. கோயில் பாட்டு வேறு. பாஞ்சோவோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம், மாண்டலின் இத்தாலிக்காரர்களுடையது. இதில் எது கலப்படம் இல்லாத பழமை?

1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தொரு வயதுப் பையன் மன்றோவின் குழுவில் சேர்ந்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பாஞ்சோவை உருட்டி வாசித்தான். மூன்று விரல் வாசிப்பு அவன் ஊர்ப்பக்கம் முன்பே இருந்ததுதான். ஆனால் அந்த வேகத்தில், அந்தத் தெளிவில், நாஷ்வில் வானொலி மேடையில் யாரும் கேட்டதில்லை. இன்று 'அசல் ப்ளூகிராஸ்' என்று ராலி பெரியவர் நினைத்துக்கொண்டிருப்பது அந்த 1946-ம் வருஷத்துச் சத்தத்தைத்தான். அது வந்த நாளில் அதைவிடப் புதிசு எதுவும் இல்லை.

இன்னொன்று. மன்றோவின் புகழ்பெற்ற பாட்டு 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'. நிதானமான வால்ட்ஸ், மூன்று தட்டுத் தாளம். 1954-ல் மெம்பிஸில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அதை நாலு தட்டாக மாற்றி, தலைதெறிக்கிற வேகத்தில் பாடி ரிக்கார்டு போட்டான். எல்விஸ் பிரெஸ்லிதான். மன்றோ என்ன செய்தார்? வழக்குப் போடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. அதே வருஷம் தன் பாட்டைத் தானே மறுபடி பதிவு செய்தார். பாதி வரை பழைய வால்ட்ஸ், அதன்பின் எல்விஸ் வேகம்! சுபாவத்தில் மன்றோ கறார் பேர்வழிதான். தன்னை விட்டுப் போனவர்களிடம் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர். அப்படிப்பட்டவருக்கே பையன் செய்ததில் ஒரு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது.

இனி இந்த வழக்கின் முக்கியப் பிரதிவாதிகளுக்கு வருகிறேன். 1971-ல் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு 'நியூ கிராஸ் ரிவைவல்'. சாம் புஷ் மாண்டலினும் பிடிலும், கோர்ட்னி ஜான்சன் பாஞ்சோ, கர்ட்டிஸ் பர்ச் கிடார், ஈபோ வாக்கர் பேஸ். சாம் புஷ்ஷுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோள் வரை முடி. ஜெர்ரி லீ லூயிஸின் ராக் அண்ட் ரோல் பாட்டை பாஞ்சோ வைத்து வாசித்தார்கள். மூன்று நிமிடத்தில் முடிய வேண்டியதை இழுத்துக்கொண்டே போனார்கள். சீக்கிரத்திலேயே ஜான் கோவன் என்ற பாடகர் மின்சார பேஸுடன் வந்து சேர்ந்தார். கோட்டும் தொப்பியுமாக வந்து வாசிப்பதே மரியாதை என்றிருந்த கூட்டத்துக்கு இவர்களைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்!

முடியைப் பார்த்தவர்கள் விரலைப் பார்க்கத் தவறினார்கள் என்பது என் கட்சி. சாம் புஷ் ஐடஹோ மாநிலத்தின் வைஸர் ஊரில் நடக்கும் தேசியப் பிடில் போட்டியில் சிறுவர் பிரிவில் மூன்று தடவை ஜெயித்தவர். பழைய மெட்டுகளில் வெளுத்து வாங்கி நடுவர்களிடம் பரிசு வாங்கிய பையன். அவர் மாண்டலினில் வெட்டும் அந்தச் 'சக்'கைக் கேளுங்கள். மன்றோவின் வெட்டுதான். அதை இன்னும் கனமாக, ராக் மேளக்காரன் அடிப்பதுபோல மாற்றியிருப்பார். அஸ்திவாரம் தெரிந்தவன் சுவரை இடிப்பதற்கும் தெரியாதவன் இடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அதற்காக இந்தக் குழு செய்த எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள நான் தயாரில்லை. 1980-களின் பிற்பகுதியில் பெரிய கம்பெனிக்காகப் போட்ட ரிக்கார்டுகள் எனக்கு ஒட்டவில்லை. வானொலிக்காரர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று மேலே வார்னிஷ் அடித்த மாதிரி இருக்கும். அப்போது அவர்களிடம் பாஞ்சோ வாசித்தவர் பேலா ஃப்ளெக், சாமானிய ஆள் இல்லை. அவரை வைத்துக்கொண்டே இப்படியா என்று தோன்றும். 1989 கடைசி நாளோடு குழு கலைந்தது. பேலா ஃப்ளெக் பிற்பாடு நம்ம ஜாகிர் உசேனோடும், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவோடும் சேர்ந்து வாசித்து 2024-ல் கிராமி வாங்கினார். பாஞ்சோவும் தபலாவும்! மாண்டலினைக் கர்நாடக மேடையில் உட்கார வைத்த யு. ஸ்ரீநிவாஸைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமாகத் தோன்றாது.

இந்த இசையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதில்தான் பழமைக்காரர்களோடு எனக்குள்ள உண்மையான வித்தியாசம். அவர்கள் அதைச் சத்தத்தில் தேடுகிறார்கள். மின்சாரம் உண்டா, மேளம் உண்டா, பாட்டு எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். நான் அதை வட்டத்தில் பார்த்தேன்.

விழாவின்போது மேடைக் கச்சேரி பாதிதான். மீதிப் பாதி ஓட்டல் வரவேற்பறையிலும், மாடிப்படி வளைவிலும், கார் நிறுத்துமிடத்திலும் நடக்கும். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் பாட்டின் பெயரையும் சுருதியையும் சொல்வார், அவ்வளவுதான். பெரும்பாலான பழைய பாட்டுகளுக்கு மூன்று கார்டு போதும். ஒவ்வொருவர் முறையும் கண்ஜாடையில் வரும். வேண்டாம் என்றால் தலையசைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். ராலியில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை பிடில் வாசிக்க, எழுபது தாண்டிய ஒருவர் பாஞ்சோ வாசிக்க, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் ஓடியது. எல்லோருக்கும் பொதுவாகச் சில நூறு பாட்டுகள் தெரிந்திருப்பதால்தான் இது நடக்கிறது. அந்தப் பொதுச்சொத்து கரைந்தால் மேடையில் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் அது காட்சிசாலைப் பொருள்தான்.

அன்று ராத்திரி அதே ஓட்டலில், மத்தியானம் தெருமேடையில் முழக்கம் போட்ட குழுவின் கிடார் பையனைப் பார்த்தேன். ஒரு வட்டத்தில் உட்கார்ந்து மன்றோவின் 'அங்கிள் பென்' பாட்டுக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தான். மின்சாரக் கருவி எதுவும் இல்லை. பாடியவர் வயதானவர், தாளம் கொஞ்சம் தள்ளாடியது. பையன் தள்ளாடிய பக்கமெல்லாம் கூடவே போய்த் தாங்கிக்கொண்டான். தன் முறை வந்தபோது ஒரே ஒரு சுற்று, மெட்டு மாறாமல். இந்தப் பையனிடம் பழைய பாட்டை ஒப்படைக்க எனக்குப் பயமில்லை. ஆமாம், அந்த 'அங்கிள் பென்' தன் தாய்மாமனை நினைத்து மன்றோ 1950-ல் பதிவு செய்தது. அன்று அதுவும் புதுப்பாட்டு.

ஆகவே இளைஞர் குழுக்களிடம் எனக்குக் குறை ஒன்று உண்டு என்றால் அது வேறு. சில குழுக்கள் இப்போது சொந்தப் பாட்டு மட்டுமே வாசிக்கின்றன. அதுவும் வேறு யாரும் கூட வாசிக்க முடியாதபடி சிக்கலாக. கேட்கப் பிரமிப்புதான். ஆனால் வட்டத்தில் அதை யார் எடுப்பார்கள்? ராக்கும் ஜாஸும் கலப்பதை நான் கலப்படம் என்று சொல்ல மாட்டேன். அடுத்தவருக்கு நாற்காலி போடாத வாசிப்பைத்தான் சொல்வேன்.

இந்த விஷயத்தில் பில்லி ஸ்ட்ரிங்ஸ் எனக்குப் பிடித்த ஆள். மிச்சிகன்காரர், 1992-ல் பிறந்தவர், பெரிய அரங்குகளை நிரப்புகிறார். மேடையில் பாட்டை நீட்டி முழக்குவதில் யாருக்கும் சளைத்தவரில்லை. அவரே 2022-ல் தன்னை வளர்த்த தகப்பனார் டெர்ரி பார்பரோடு உட்கார்ந்து, சின்ன வயதில் வீட்டில் வாசித்த பழைய பாட்டுகளாகவே ஒரு ஆல்பம் போட்டார். அப்பாவிடமிருந்து என்ன வாங்கினேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. நியூ கிராஸ் ரிவைவலை ப்ளூகிராஸ் புகழ் மன்றத்தில் சேர்த்தது 2020-ல். குழு தொடங்கி நாற்பத்தொன்பது வருஷம் கழித்து. முதல் பாஞ்சோக்காரர் கோர்ட்னி ஜான்சன் 1996-லேயே போய்விட்டார். மன்றோ காலமானதும் அதே வருஷம்தான். மாலை போடத் தீர்மானித்தால் கழுத்து இருக்கும்போதே போட்டுவிட வேண்டாமா? பெரியவர்கள் சபைகளுக்கு எங்கேயும் இதே வழக்கம்.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: யூடியூபில் கிடைக்கும். முதலில் மன்றோவின் 1946, 47 ரிக்கார்டுகள். பின்னால் லேசாகக் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை மட்டும் அவருடைய முதல் பதிவு, எல்விஸ், மறுபடி அவர் என்ற வரிசையில் கேளுங்கள். பிறகு நியூ கிராஸ் ரிவைவலின் 1970-கள். கடைசியாக பில்லி ஸ்ட்ரிங்ஸும் அப்பாவும். ஹெட்போன் போட்டுக்கொள்வது உத்தமம். பாஞ்சோ சத்தம் சமையலறை வரைக்கும் போகும், என் வீட்டில் அதற்கு இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.